வாசகர் கேள்வி: ‘பிக்கிள்’ என்றால் என்ன?

கேள்வி: அமெரிக்கச் சிறுவர் கதை ஒன்றில், பள்ளி இடைவேளையில் பிள்ளைகள் ‘பிக்கிள்’ விளையாடியதாக வருகிறது. பேஸ்பால் வர்ணனையிலோ ஓட்டக்காரர் ‘பிக்கிளில்’ மாட்டிக்கொண்டார் என்கிறார்கள். ஊறுகாய்க்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

பதில்: ஊறுகாயைக் குறிக்கும் அதே சொல்லுக்கு, எளிதில் மீள முடியாத இக்கட்டு என்ற பொருளும் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்குகிறது. பேஸ்பால் ஆட்டத்தில் நிலைத்திருப்பது அந்தப் பொருளே. ஓட்டக்காரர் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடமான ஒரு தளத்தை (‘பேஸ்’) விட்டுக் கிளம்பியவர், அடுத்த தளத்தை எட்டவும் இயலாமல், விட்டுவந்த தளத்துக்குத் திரும்பவும் இயலாமல், பந்தைத் தமக்குள் மாற்றி மாற்றி வீசும் தடுப்பாளர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்வதைத்தான் அவ்வாறு சொல்கிறார்கள். ஆட்ட விதிகளில் இதற்கு ‘ரன்டவுன்’ என்று பெயர். ‘ஹாட்பாக்ஸ்’ என்பாரும் உண்டு.

கிரிக்கெட்டில் பாதி வழியில் நின்றுவிட்ட மட்டையாளரின் நிலை இதற்குச் சற்று நெருக்கமானது. ஆனால் அங்கே ஸ்டம்பைத் தகர்த்தால் போதும். இங்கே பந்தைப் பிடித்திருக்கும் கையாலோ கையுறையாலோ ஓட்டக்காரரையே தொட்டாக வேண்டும். பெரியவர்கள் ஆடும் களத்தில் தளங்களுக்கு இடையே 90 அடி தூரம் இருப்பதால் துரத்தல் சில நொடிகள் நீளும். தொடப்படாமல் தப்புவதற்காகத் தம் நேர்வழியிலிருந்து 3 அடிக்கு மேல் விலகும் ஓட்டக்காரர் ஆட்டமிழப்பார். அதேபோல், கையில் பந்தில்லாமல் அவரை மறிக்கும் தடுப்பாளரின் பிழைக்காக அவருக்கு அடுத்த தளம் வழங்கப்படும்.

ஒவ்வொரு வீச்சும் பந்து நழுவ ஒரு வாய்ப்பு என்பதால், குறைந்த வீச்சுகளில், புறப்பட்ட தளத்தை நோக்கியே ஓட்டக்காரரைத் துரத்தும்படி பயிற்சியாளர்கள் கற்பிக்கிறார்கள். ஓட்டக்காரரின் கணக்கோ வேறு. தாம் ஆட்டமிழப்பது உறுதி என்று தெரிந்தும், மூன்றாம் தளத்தில் நிற்கும் தோழர் ஓடி ஓர் ஓட்டம் சேர்க்கட்டும் என்று அவர் துரத்தலை இழுத்தடிப்பதுண்டு. இந்த ஆட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது. 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்த ஜாக்கி ராபின்சன், இத்தகைய பொறிகளிலிருந்து நழுவித் தப்புவதில் பெயர் பெற்றவர்.

பிள்ளைகள் விளையாடுவது இதன் எளிய வடிவம். பையோ தொப்பியோ வைத்து இரண்டு தளங்களைக் குறித்துக்கொண்டு, இருவர் பந்தை எறிந்து பிடிக்க, மற்றவர்கள் தொடப்படாமல் இடையே ஓடுவார்கள், மட்டை தேவையில்லை. பிடிபட்டவர் பந்தெறியும் இடத்துக்கு மாறுவது பரவலான வழக்கம் என்றாலும், மற்ற விதிகளை அந்தந்தத் திடலின் பிள்ளைகளே வகுத்துக்கொள்கிறார்கள்.