எல்க் வேட்டையும் கைடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்வரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். அலுவலக நண்பர் ஒருவர் வரும் அக்டோபரில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட அழைக்கிறார். ஃப்ளாட் டாப்ஸ் மலையில் கூடார முகாம், கைடு, குதிரை எல்லாம் உண்டு. ஆளுக்கு ஏழாயிரம் டாலர். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. கறி சாப்பிடுகிறவன்தான். ஆனால் ‘காசு கொடுத்துப் பாவத்தை வாங்குவானேன்’ என்கிறாள் மனைவி.

எனக்கு உறுத்துவது வேறு. எல்க் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கைடு. அதைக் கூவி அழைப்பதும் கைடு. எங்கே உட்கார வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று சொல்லப்போவதும் அவரே. நான் டிரிக்கரை அழுத்தப்போகிறேன், அவ்வளவுதான். இதற்குப் பெயர் வேட்டையா? நீங்கள் கொலராடோ வந்திருந்தபோது ஒரு வேட்டை முகாமில் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். போகலாமா, வேண்டாமா?

க., டென்வர்

அன்புள்ள க.,

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறதா, ஹெச்1பியா என்று எழுதவில்லை. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசா என்றால் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கும் விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. ஆகவே நண்பரோடு சும்மா ஒரு சனிக்கிழமை சுட்டுப் பழகப் போவதற்கு முன்பே அது உங்களிடம் இருக்க வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அடுத்து, 1949 ஜனவரி 1 முதல் பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. தற்காலிகமாகத் தப்பிக்க ஒரு விலக்குச் சீட்டு உண்டு. அதை வாங்காதீர்கள், வகுப்புக்கே போங்கள்.

இனி உங்கள் கேள்வி. மனைவியின் கேள்வியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது, அவர் மன்னிக்கட்டும். டிரிக்கரை அழுத்துவதுதான் வேட்டை என்று வைத்துக்கொண்டதால்தான் மற்றதெல்லாம் கைடின் வேலை என்று உங்களுக்குப் படுகிறது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவரையில், முதல்முறை வருபவருக்குக் கைடு செய்யும் பெரிய உதவி, சுட விடாமல் தடுப்பது. நீங்கள் கொடுக்கும் ஏழாயிரம் டாலரில் பெரும்பகுதி அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கான விலை.

எஸ்டெஸ் பார்க் ஊரில் கால்ஃப் மைதானப் புல்லில் படுத்து அசைபோடும் எல்க்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊரை ஒட்டியிருக்கும் தேசியப் பூங்காவில் வேட்டை கிடையாது, அவற்றுக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் போகும் இடத்தில் இருப்பது ஒயிட் ரிவர் மந்தை. கொலராடோவிலேயே பெரிய மந்தை அதுதான், இருந்தும் நாள் முழுக்க நடந்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புபவர்கள் நிறைய. மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது. உங்கள் மேகமலைக் கடமானுக்கு உறவு இது, உடம்பு அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் முன்னூறு கிலோவைத் தாண்டும். அத்தனை பெரிய உடம்பு மரங்களுக்குள் நுழைந்து சத்தமில்லாமல் காணாமல் போவதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். செப்டம்பரில் மலையே அதிரும்படி விசிலடித்துத் திரியும் ஆண்கள் அக்டோபர் பாதிக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. இணைசேரும் பருவத்தில் உடம்பு இளைத்து, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் ஒதுங்கிவிடும். எனவே ‘கூவி அழைப்பது’ உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இருக்காது. பைனாகுலரை வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பதுதான் இருக்கும்.

நான் போன முகாமில் கைடு ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம், மாட்டுப் பண்ணைக் குடும்பம். வேட்டைக்கு வந்தவர் ஓஹாயோக்காரர், ஐம்பது வயதுக் கணக்காளர், உங்களைப் போலவே முதல்முறை. நான் துப்பாக்கி இல்லாமல் அவர்களுக்குப் பின்னால் நடந்தவன். ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் எனக்கும் மாட்டிவிட்டார்கள். சுடுபவர் கட்டாயம் போட வேண்டும், இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு. 2016 முதல் இளஞ்சிவப்பும் செல்லும். எல்க்கின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் எரிவதில்லை.

முகாமில் இறங்கியதும் அந்தப் பெண் கணக்காளரை இலக்குத்தாளில் சுடச் சொன்னார். பயணத்தில் ஸ்கோப் (துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) தட்டுப்பட்டு விலகியிருக்கலாம், சரிபார்க்கணும் என்று காரணம் சொன்னார். அவர் கண் துப்பாக்கியின் மேல் இல்லை. கணக்காளரின் தோளையும் மூச்சையும் கவனித்துக்கொண்டிருந்தார். மேஜையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டபோது எல்லாம் நடுவில் விழுந்தன. பிறகு சரிவில் கொஞ்சம் ஓடவிட்டு, மூச்சிரைக்க உட்காரவைத்து, கவைக்கோலில் சாய்த்துச் சுடச் சொன்னார். ஒன்பதாயிரம் அடி உயரத்தில், முந்தின நாள்வரை சமவெளியில் இருந்த மனிதர். பாதித் தோட்டாக்கள் தாளிலேயே படவில்லை. “உங்கள் தூரம் இருநூறு யார்டு” என்றார் கைடு. கணக்காளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அறுநூறு யார்டில் சுட்டு வீழ்த்தும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

மறுநாள் விடியலில் ஆஸ்பென் மர ஓரத்தில் ஓர் அழகான ஆண் எல்க் நின்றது. முன்னூறு யார்டுக்குக் கொஞ்சம் மேல். கைடு தலையை அசைத்துவிட்டார். கிட்டே போகவும் வழியில்லை. காலையில் மலையின் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், வெயில் உறைத்ததும் திசை மாறி மேலே ஏறும், மாலையில் மறுபடி இறங்கும். எங்கள் வாசனையை இறங்குகாற்று அதனிடம் நேரே கொண்டுபோயிருக்கும். சட்டைப்பையில் வைத்திருந்த குப்பியை அழுத்தி, பறக்கும் வெள்ளைப் பொடியைக் காட்டி, கணக்காளருக்கு இதை விளக்கினார். இன்னொரு நாள் தூரம் சரி, காற்றும் சரி. ஆனால் பின்னால் ஒரு பெண் எல்க்கின் முதுகு தெரிந்தது. தோட்டா ஒன்றைத் துளைத்து மற்றதில் பாயும். வேண்டாம். அதே மாலையில் கொம்பு குறைவான இளசு ஒன்று வந்தது. கொலராடோவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பிலாவது நாலு கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்ததைச் சுட்டால் குற்றம். பைனாகுலரில் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி வேண்டாம். அன்று இரவு கணக்காளர் சூப்பைக் குடிக்காமல், தான் கொடுத்த தொகையைப் பற்றி யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

அதற்கடுத்த நாள்தான் உங்கள் கேள்விக்கான விடையைப் பார்த்தேன். பனி லேசாக விழுந்திருந்தது. நல்ல ஆண் எல்க், நூற்றெண்பது யார்டு, பக்கவாட்டில் நின்றது, பின்னால் வெறும் மண்சரிவு. கைடு “சுடலாம்” என்றார். கணக்காளர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நேரம் போனது. பிறகு துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, “கை நடுங்குது, இதை நான் காயப்படுத்தி விட்டுவிடுவேன்” என்றார். எல்க் தன்பாட்டில் நடந்து மறைந்தது. கைடு அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். ஆறுதலாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அதுவரை வேண்டாம் என்ற முடிவெல்லாம் கைடுடையது. அன்று அது கணக்காளருடையதாக ஆனது. அந்த இடத்தில் வேட்டை அவர் கைக்கு வந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். காற்றை முகர்ந்து, குளம்படியைப் படித்து, மந்தை எந்தச் சரிவில் மேயும் என்று ஊகிக்க நீங்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. அதற்கு அந்த மலையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது வருடம் தோற்றிருக்க வேண்டும். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் பெரிய விலங்குகளை வேட்டையாட லைசென்ஸ் பெற்ற கைடோ உள்ளூர்க்காரரோ கூட இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கைடு தொழிலைக் காப்பாற்ற வந்த சட்டம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, அதிலும் உண்மை இருக்கும். ஆனால் கைடு எல்லாம் செய்துகொடுத்த பிறகும், தன்னால் இது முடியுமா என்ற கணிப்பை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

கணக்காளருக்கு எல்க் கிடைக்காமல் போகவில்லை. கடைசி நாளில் கிடைத்தது. நூற்று நாற்பது யார்டு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் ஒரே தோட்டா. அது துள்ளி ஓடி மரங்களுக்குள் மறைந்தது. அவர் எழுந்து ஓடப் பார்த்தார், கைடு பிடித்து உட்காரவைத்தார். உடனே துரத்தினால் அடிபட்ட விலங்கு கடைசி மூச்சையும் திரட்டி மைல் கணக்கில் போய்விடும். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுபது எண்பது அடி தள்ளித்தான் கிடந்தது.

உங்கள் நண்பர் உங்களிடம் பெரும்பாலும் சொல்லாமல் விட்ட பகுதி இனிமேல்தான். எல்க்கின் தடித்த தோல் உடம்புச் சூட்டை வெளியே விடாது. எலும்பை ஒட்டிய கறி குளிர்காலத்திலும் கெட்டுப்போகும். எனவே உடனே தோலை உரித்து, நாலு கால்களையும் பிரித்து, துணிப்பைகளில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கம் முடித்து, புரட்டி மறுபக்கம் செய்வது இப்போது பரவலான முறை. உண்ணத்தக்க கறியை விட்டுவிட்டு வருவது குற்றம். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைப் போட்டுவிட்டால் கொலராடோவில் அது சிறை வரை போகும் பெருங்குற்றம். நன்கு வளர்ந்த ஆணில் எலும்பு நீக்கிய கறியே நூறு கிலோவுக்கு அருகில் வரும். கைடு கத்தியைக் கணக்காளரிடமே கொடுத்தார். முழங்கை வரை ரத்தத்தோடு, சொல்லச் சொல்ல அறுத்தார் மனிதர். குதிரை வர முடியாத இடத்திலிருந்து ஒரு பின்னந்தொடையை அவரே முதுகில் சுமந்து ஏறினார். அவர் சூப்பைக் குடிக்காத அந்த இரவில் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு அந்த ஏற்றத்தில் போய்விட்டது.

கத்தியைத் தொட மாட்டேன், அதெல்லாம் முகாம் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது உங்கள் எண்ணமானால் போக வேண்டாம். அப்போது உங்கள் சந்தேகம் சரி, நீங்கள் டிரிக்கரை மட்டும்தான் அழுத்தப்போகிறீர்கள்.

பாவம் பற்றி. வேட்டைக்காரர்கள் இரண்டு சமாதானங்களைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒன்று, வேட்டையாடுபவர்கள் பணம்தான் காட்டைக் காக்கிறது. 1937ஆம் ஆண்டின் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது, உண்மை. ஆனால் அதற்கு முன் கறிச்சந்தைக்காகச் சுட்டுத் தள்ளி எல்க்குகளை ஏறத்தாழ ஒழித்ததும் துப்பாக்கிக்காரர்களே. எஸ்டெஸ் பார்க்கில் நீங்கள் பார்க்கும் மந்தை, 1913-14இல் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தது. இரண்டாவது, ஓநாய் இல்லாத இடத்தில் மனிதன் ஓநாயின் வேலையைச் செய்கிறான். ஓநாய் கன்றையும் கிழட்டையும் நொண்டியையும் தேர்ந்தெடுக்கும். நாம் கொம்பு பெரியதைத் தேர்ந்தெடுக்கிறோம். போதாததற்கு 2023 டிசம்பரில் கொலராடோவில் ஓநாய்களையும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இந்த இரண்டையும் மனைவியிடம் சொல்லிப் பார்க்காதீர்கள், அவர் சிரிப்பார். பிராய்லர் கோழி வாங்கும் வீட்டில் இந்தக் கொலை மட்டும் தனிப் பாவம் ஆகாது என்பதுதான் என்னிடம் இருக்கும் பதில். அதற்கு மேல் உங்கள் இருவருக்கும் இடையிலானது.

போவதென்றால் சில வேலைகள். முகாம் நடத்துபவர் மாநிலப் பதிவும் வனத்துறை அனுமதியும் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கோடை முழுக்க மலையேறுங்கள், உட்கார்ந்தும் முழங்காலிட்டும் சுட்டுப் பழகுங்கள், புது பூட்ஸை இப்போதே போட்டு நடங்கள். கைடுக்குக் கொடுக்கப்போகும் டிப்ஸ் எல்க் விழுவதைப் பொறுத்ததல்ல என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ‘வேண்டாம்’ சொல்வதில் அவருக்கு நஷ்டம் வரக்கூடாது.

கறி வீட்டுக்கு வந்தால், உடனே சமைக்காதீர்கள். மான் இனங்களின் மூளையை அரிக்கும் நோய் ஒன்று அங்கே பரவியிருக்கிறது, 1960களின் இறுதியில் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். மூளை, தண்டுவடம் பக்கமே போக வேண்டாம். கொழுப்பை ஒட்ட ஒட்ட நீக்கிவிடச் சொல்லுங்கள், அது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். முதுகெலும்பை ஒட்டிய நீளமான கறியை நண்பர் சொல்வதுபோலச் சட்டியில் சற்றே வாட்டித் தின்னலாம். கால்கறிக்கு அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இஞ்சி, பூண்டு, நிறைய மிளகு, குக்கரில் ஆட்டுக்கறியைவிட இரண்டு மூன்று விசில் கூடுதல். வேட்டைக்கறியை விற்பது சட்டவிரோதம், எனவே மிச்சத்தை டென்வர் தமிழ் நண்பர்களுக்குப் பங்கு போடுங்கள்.