தொகுப்பாளர்கள் மட்டும் புதுசு: வேறு எதை மாற்றலாம்?

ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர்களை மட்டும் மாற்றுகிறீர்கள், மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்தில் முதல் பதிவு, வேறு எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பருவத்தில் வேறு எதையும் தொடாதீர்கள். பெயர், தொடக்க இசை, ஒளிபரப்பு நேரம் மூன்றும் அப்படியே இருக்கட்டும்.

பிபிசியின் கார் நிகழ்ச்சியான டாப் கியரைப் பாருங்கள். 2015-இல் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் போனார், உடன் தொகுத்த மற்ற இருவரும் கிளம்பினார்கள். 2016-இல் கிறிஸ் எவன்ஸ் உட்பட 6 பேரை ஒரேயடியாக இறக்கினார்கள். ஒரு முகமும் மனதில் பதியவில்லை. எவன்ஸ் ஒரே பருவத்தோடு விலகினார். பிறகு 2017-இல் மூவர் கூட்டணிக்கே திரும்பினார்கள். உங்களுக்கு இருவர் தாராளம்.

தொகுப்பாளர் தேர்வில் தனித்தனியாகப் பேசவைப்பது வீண். இருவரையும் நிற்கவைத்து, கையிலுள்ள தாளை வாங்கிக்கொண்டு, 10 நிமிடம் பேசவிடுங்கள். ஒருவர் திணறும்போது மற்றவர் கைகொடுக்கிறாரா, குறுக்கே பாய்கிறாரா என்பது அங்கேதான் தெரியும். பழையவர்களின் நகைச்சுவையை இவர்கள் வாயில் திணிக்காதீர்கள். ஒப்பீடு அங்கேதான் ஆரம்பிக்கும்.

மண்டபத்துக்குத் தகரக் கூரையா? பிற்பகல் மழை பேச்சை விழுங்கிவிடும், சட்டை மைக்கும் காப்பாற்றாது. ஞாயிறு காலை, பசியாறிய கையோடு பதிவை வையுங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில் வருவது கஷ்டம்.