15 கிலோமீட்டர் போகும் என்கிற லோரா சென்சாரை வாங்கலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் வயல் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தூரம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கவே அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது. திருகோணமலைக் கடையொன்றில் நீர்மட்டம் அறிவிக்கும் லோரா சென்சார் காட்டினார்கள். சிம், வைபை எதுவும் வேண்டாமாம். 15 கிலோமீட்டர் போகுமாம். பற்றரி வருடக்கணக்கில் நிற்குமாம். நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அந்த 15 கிலோமீட்டரும் வருடக்கணக்குப் பற்றரியும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்.

லோரா என்பது சிறு செய்திகளைக் குறைந்த சக்தியில் வெகுதூரம் அனுப்பும் வானொலி முறை. அது தூரம் போவதற்குக் காரணம் பலமல்ல, நிதானம். பொதுவான அமைப்பில் விநாடிக்கு ஏறக்குறைய 250 முதல் 5,500 பிட் வரைதான் அனுப்பும். குயில் கூவுகையில் குரல் ஏறிக்கொண்டே போவதுபோல இதன் அலைவெண்ணும் ஏறிச் செல்லும். அந்த ஏற்றத்தின் வடிவம் வாங்கிக்கு, அதாவது வீட்டில் செய்தியைப் பெறும் கருவிக்கு, தெரியும் என்பதால், மிக மெதுவான நிலையில், சுற்றியுள்ள இரைச்சலின் நூறில் ஒரு பங்கு பலமே உள்ள சமிக்ஞையைக்கூடப் பிரித்தெடுத்துவிடும். அனுப்பும் சக்தி பெரும்பாலும் 25 மில்லிவாட் அளவுதான். அனுப்பிய கையோடு கருவி உறங்கிவிடுவதால் பற்றரி நிற்கிறது.

தூரம் கூட்ட வேகத்தை ஒரு படி குறைத்தால், அதே செய்தியை அனுப்ப ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். பற்றரியும் அதற்கேற்பக் கரையும். உங்கள் 3 கிலோமீட்டருக்குக் கடைசிப் படிவரை போகத் தேவை வராமலிருக்கலாம். அது மரங்களைப் பொறுத்தது. 15 கிலோமீட்டர் என்பது தடையில்லாத வெளிக்கான கணக்கு. இடையில் தென்னந்தோப்பும் வீடுகளும் இருந்தால் தூரம் வெகுவாகக் குறையும். வாங்கியின் அன்டெனாவை வீட்டுக் கூரைக்கு மேலே கம்பத்தில் ஏற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே வேண்டாம். சென்சாரின் அன்டெனாவும் விளைந்த நெல்லுக்கு மேலே நிற்கட்டும்.

விலையில் வாங்கியும் அடக்கமா என்று கேளுங்கள். ஒரு வயலுக்கு, அனுப்பி ஒன்றும் வாங்கி ஒன்றுமாக நேரடியாகப் பேசும் சோடியே போதும். பல சென்சார்களை ஒரே வலையமைப்பில் சேர்க்கும் லோராவான் வகைக்கு, அவற்றின் செய்திகளைப் பெற்று இணையத்துக்கு அனுப்பும் கேட்வே என்ற கருவி வேண்டும். தனி ஆளுக்கு அது வீண் செலவு, கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து வாங்கினால் லாபம். கமரா படம் இதில் வராது.

868, 915 மெகாஹேர்ட்ஸ் என்று நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. இரண்டு கருவிகளும் ஒரே அலைவரிசையா, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உண்டா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் கொடுக்குமுன் வயலில் வைத்துச் சோதிக்கக் கேளுங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பார்ப்பதே நல்லது.