அனல் மின் நிலையப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைச் சவ்வைக் கொண்டு நீக்க முடியுமா?

சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளிக்கும் கோபுரங்களுக்குப் பதிலாகச் சவ்வுகளைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆயினும், 500 மெகாவாட் அலகு ஒன்றுக்கு இன்றைய நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் இத்தகைய சவ்வுக் கலன்களை இயக்கிய அனுபவத்தைக் கொண்டு காரணத்தை விளக்குகிறேன்.

கலனைத் திறந்தால் உள்ளே சேமியாவைப் போன்ற மெல்லிய வெண்ணிற இழைகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டிருக்கும். பாலிபுரோப்பிலீன் அல்லது டெஃப்லானால் ஆன அந்த இழைகள் ஒவ்வொன்றும் நுண்துளைகள் கொண்ட குழாய்; அதன் சுவர்தான் சவ்வு. நீர் ஒட்டாத தன்மையுடையது. இழையின் ஒருபுறம் புகையும் மறுபுறம் சோடியம் சல்ஃபைட் கரைசலும் ஓட, துளை வாயில்களில் இரண்டும் சந்திக்கின்றன. கந்தக டை ஆக்சைடு துளையைக் கடந்து கரைசலில் சேர்ந்ததும் பைசல்ஃபைட் என்ற உப்பு உருவாகிறது. அதைச் சூடாக்கினால் வாயு மீண்டும் பிரிந்து, கந்தக அமிலம் செய்யப் பயன்படும். ஆக, வாயுவைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கரைசலே செய்கிறது. இரண்டும் கலந்துவிடாமல் பெரும் பரப்பில் சந்திக்க இடம் கொடுப்பதுதான் சவ்வின் பங்கு. ஒரு கன மீட்டர் கலனுக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பை அடக்கிவிட முடிவதுதான் இம்முறையின் உண்மையான பலம்.

சிக்கல் துளைகளில்தான் தொடங்குகிறது. வாயு குமிழிகளாகக் கரைசலுக்குள் புகாதிருக்க, கரைசலின் அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். அது அளவு மீறினாலோ, நாள்பட இழையின் நீர் ஒட்டாத தன்மை குறைந்தாலோ, கரைசல் துளைக்குள் இறங்கிவிடும். அதன்பின் வாயு தேங்கிய திரவத்தினூடே ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பதால், உறிஞ்சும் வேகம் வெகுவாகக் குறைகிறது. வாயு வெளியேறும் முனையில் ஈரத்துளிகள் கோத்து நிற்பதைக் கண்டாலே கசிவு தொடங்கிவிட்டது என்று ஐயப்பட வேண்டும்.

மின் நிலையப் புகையோ சாம்பல் பிரிப்பானைத் தாண்டிய பின்னும் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக, நுண்சாம்பலுடன் வருகிறது. குளிர்விக்காமல் அதைப் பாலிபுரோப்பிலீன் இழைகளுக்குள் விட முடியாது. சாம்பல் இழைகளின் இடைவெளிகளை அடைத்துவிடும். 500 மெகாவாட் அலகிலிருந்து மணிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் புகை வெளியேறும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நெதர்லாந்தின் ஃபாக்ஸ்ஹோலிலுள்ள உருளைக்கிழங்கு மாவுச்சத்து ஆலையில் 1990களின் இறுதியில் இம்முறையை இயக்கிக் காட்டினார்கள். அதன் கொள்ளளவு மணிக்கு 120 கன மீட்டர். ஆகவே, தூசு குறைந்த வாயுவை வெளியிடுகிற, இடநெருக்கடியுள்ள, கிடைக்கும் பைசல்ஃபைட்டைத் தானே பயன்படுத்திக்கொள்ளக்கூடிய சிறு ஆலை உங்களுடையதென்றால், முதலில் ஒரு சிறு கலனை உங்கள் புகையிலேயே சில மாதங்கள் ஓட்டி, துளைகள் நனைகின்றனவா என்று பாருங்கள்.