கல்வெட்டும் கணக்கும்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சோழர் கோயில்களுக்குப் போகத் தொடங்கி, இப்போது கல்வெட்டுத் தொகுதிகளைக் கணினியில் ஏற்றி, எந்த அரசன் காலத்தில் எவ்வளவு நிலக்கொடை என்று கணக்கிடும் அளவுக்கு வந்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் தாவரவியல், ஒருவர் வரலாறு. என் நெறியாளர் "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்" என்கிறார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரோ "கணக்குப் போட்டு வரலாறு எழுத முடியாது தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பல துறைகள் சேர்ந்தால் உண்மைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாம் என்று நம்புகிறேன். நம்பலாமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

நம்பலாம். ஆனால் துறைகளைச் சேர்த்துவிட்டால் மட்டும் உண்மை பக்கத்தில் வந்துவிடாது. ஒரு கேள்வி நம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் துறைக்குள் அதற்கு விடை இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த துறையின் வாசலுக்குப் போக வேண்டும். போனால், அங்கே முதலாமாண்டு மாணவனாக உட்கார வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

டி.டி. கோசாம்பியைப் படித்திருப்பீர்கள். 1907இல் கோவாவில் பிறந்து, 1929இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று இந்தியா திரும்பிய கணிதர். புனே பெர்குசன் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், தட்சசீலத்தில் புதையலாகக் கிடைத்த முத்திரை குத்தப்பட்ட வெள்ளி நாணயங்களை ஆராயத் தொடங்கினார். அந்த நாணயங்களில் அரசன் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது. முன்பக்கத்தில் சூரியன், மலை என்று ஐந்து முத்திரைகள், அவ்வளவுதான். எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? முத்திரைகளின் பொருளை ஊகிப்பது ஒரு வழி. கோசாம்பி தராசை எடுத்தார்.

கைமாறக் கைமாற நாணயம் தேயும். ஆனால் ஒற்றை நாணயத்தை நிறுத்து எதையும் சொல்லிவிட முடியாது. செய்த அன்றைக்கே அது எடை குறைந்ததாக இருந்திருக்கலாம். ஒரே முத்திரைத் தொகுப்பு உள்ள நாணயங்களைக் கூட்டமாக நிறுத்தால் கதை வேறு. நீண்ட காலம் புழங்கிய கூட்டத்தில் சராசரி எடை குறைந்திருக்கும், எடைகள் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்கும். பின்பக்கத்தில் இருக்கும் சிறு குறிகள் கூடக்கூட எடை குறைகிறது என்பதையும் அவர் கண்டார். அவை நாணயத்தைச் சோதித்தவர்கள் அவ்வப்போது இட்ட குறிகள் என்றால் அது பொருந்தி வருகிறது. சரி, தேய்மானம் உண்மையிலேயே இப்படித்தான் நடக்கிறதா? தன் காலத்தில் புழக்கத்தில் இருந்த காசுகளை ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். 1941இல் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்றோ முப்பத்து நான்கோதான்.

அந்தக் காசுகளை எடை போட்ட வேலைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஒரு கணிதர் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நாணயவியலாளர்களிடம் "இனி உங்கள் பாடு" என்று நகர்ந்திருக்கலாம். இவர் உட்கார்ந்து நிறுத்தார். சமஸ்கிருதத்திலும் அதே கதைதான். பர்த்ருஹரியின் பாடல்களுக்காக முன்னூறுக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு 1948இல் செம்பதிப்பு கொண்டுவந்தார். நாணயவியலில் அவருடைய முடிவுகளை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மறுப்பதற்கும் அவருடைய எடைக் கணக்குகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு இடத்தை அவர் உழைத்துச் சம்பாதித்தார்.

அதே கோசாம்பி 1959இல், கணிதத்தின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்றான ரீமன் கருதுகோளை நிகழ்தகவு வழியில் நிறுவிவிட்டதாக, வேளாண் புள்ளியியல் இதழ் ஒன்றில் எழுதினார். அந்த நிரூபணம் நிற்கவில்லை. அவருடைய பெயருக்கு அது பெரிய அடி. எல்லை தாண்டும் துணிச்சல் இருப்பதாலேயே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது என்பதற்கு, நான் மிகவும் மதிக்கும் மனிதரின் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். கணக்குப் போட்டு வரலாறு எழுத முடியாது என்பது சரியல்ல. உங்கள் திருச்சிப் பக்கத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டு, கல்வெட்டுகளை வைத்தே இரண்டு ஊர்களின் நில உடைமை எவ்வளவு வேறுபட்டது என்று 1960களில் காட்டினார் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா. பிரமதேய ஊரான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களிடம் இருந்தது. அல்லூரில் ஊர்ப் பொதுவில். அப்புறம் அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் கணினி வழியே தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். கல்வெட்டும் கணினியும் சேர்வது தமிழ் வரலாற்றுக்குப் புதிதல்ல. அந்தத் தொகுதிகளை உங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் "கோ இராசகேசரி, யாண்டு 5" என்று ஒரு வரி வரும்; இராசகேசரி என்ற அரசனின் ஐந்தாம் ஆட்சியாண்டு என்று பொருள். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். இது ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தர சோழனா? எழுத்தமைதி, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பது, தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அவரும் ஏமாறக்கூடும்: சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, எடுத்தபோது பழைய கல்வெட்டுகளைப் புதிதாகப் படியெடுத்துப் பொறித்தார்கள். கொடை ஒரு காலம், எழுத்து இன்னொரு காலம்.

சில கல்வெட்டுகளில் மாதமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் இருக்கும். இவை எல்லாம் ஒரே நாளில் கூடி வருவது அபூர்வம் என்பதால், வானியல் கணக்கில் அந்த நாளைப் பிடித்துவிடலாம். முதலாம் இராசராசன் 985ஆம் ஆண்டு ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் பட்டமேறினான் என்று இப்படித்தான் கீல்ஹார்ன் கணக்கிட்டார். அவர் ஜெர்மனியில் இருந்த சமஸ்கிருத இலக்கண அறிஞர்.

இன்னொன்று. பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொடைகள் கூடுவதாக உங்கள் வரைபடம் காட்டினால், உடனே நம்பாதீர்கள். செங்கல் கோயில்கள் கற்றளிகளாக மாறிய காலம் அது; எழுதுவதற்குக் கல்சுவர் கூடியது. சில கோயில்கள் நின்றன, சில இடிந்தன. திருப்பணியின்போது மணல் பீச்சியதில் எழுத்து மழுங்கிப்போன சுவர்களும் உண்டு. கிடைக்காமல் போன தரவு தற்செயலாகப் போகவில்லை. இதை எப்படிக் கையாள்வது என்று உங்கள் துறைக்குத் தெரியும், கல்வெட்டாய்வாளர் பலருக்குத் தெரியாது. எங்கெங்கே என்னென்ன போயிற்று என்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கொடுப்பதற்கு உண்மையாகவே ஒன்று இருக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நெறியாளரோடு சண்டை வேண்டாம். முனைவர் பட்டத்தை முடியுங்கள். சோழ நாடு முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காமல் ஒரே ஒரு நாட்டை, கல்வெட்டில் "நாடு" என்று வரும் சில ஊர்களின் தொகுதியைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டிலிருந்து மையால் தாளில் எடுத்த மைப்படியிலிருந்து நேரடியாகப் படிக்கப் பழகுங்கள். கல்லில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகாரம் பிரிந்திருக்காது. ஒரு பதிப்பில் "வெளான்", இன்னொன்றில் "வேளான்" என்று இருந்தால் உங்கள் கணினி அவரை இரண்டு ஆளாக்கிவிடும். தாவரவியல் நண்பரையும் விடாதீர்கள். நில எல்லை சொல்லும் வரிகளில் மரங்கள் வரும்.

அட்டவணையில் "அரசன் யாரென்று உறுதியில்லை" என்று ஒரு பத்தி வையுங்கள். அதை ஊகித்து நிரப்பாதீர்கள். நிரப்பத் தோன்றினால், அந்த வரியை எடுத்துக்கொண்டு கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் போங்கள்.

அன்புடன்