கரி படிந்த விளக்கு

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சூரியனும் நட்சத்திரம்தான் என்றால் அது மட்டும் ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று கேட்டாள். பக்கத்தில் இருப்பதால் என்றேன். பக்கத்தில் இருப்பது எப்படித் தெரியும் என்றாள். அதுதான் இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டாள். 'போய்ப் பாடத்தைப் படி' என்று அனுப்பிவிட்டேன். இதை எளிமையாக எப்படிச் சொல்வது? சூரியன் ஒரு சாதாரண நட்சத்திரம் என்கிறார்களே, உண்மையா? நட்சத்திரமான சூரியனைத் தேவிபட்டினத்தில் நவகிரகங்களில் ஒன்றாக வைத்திருப்பது சரியா?

வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள சகோதரி,

தேவிபட்டினத்துக் கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். கிரகம் என்ற சொல்லை அன்று ஒரு பொருளில் வைத்திருந்தார்கள், இன்றைய வானியல் வேறு பொருளில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிம்மதியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம், வெளிச்சமாக இருப்பதால் பக்கம் என்று நீங்கள் செக்குமாடு மாதிரி சுற்றியதை அந்தப் பிள்ளை பிடித்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்காமல் போய்ப் படி என்றீர்களே, அவள் படித்துக்கொண்டிருந்தது அதைத்தானே அம்மா? தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், பிள்ளைகளுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். போன வாரம் பாம்பன் கரையில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பாவின் வத்தையில், அதாவது பாய்மரப் படகில், அணியத்தில் (முன்முனையில்) உட்கார்ந்திருந்தேன். அமாவாசை இருட்டு, வாடைக்காற்று, பாய் விரித்துப் போகிறோம். எதிரில் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. முன்னால் மங்கலாக, மஞ்சளாக, ஒரு பொட்டு வெளிச்சம். ரொம்ப தூரத்தில் ஒரு விளக்கு தெரியுதுப்பா என்றேன். கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து கூச்சல். பக்கத்திலேயே நின்ற இன்னொரு வத்தை, அதில் சிமினி முழுக்கக் கரி படிந்த ஓர் அரிக்கேன் விளக்கு. அவர்கள் வலைக்கு மேலேயே ஏறிவிட்டோம். எங்கள் சுக்கானில் சிக்கிய வலையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அன்று பட்ட மீனில் பாதியை அள்ளி அவர்களுக்குக் கொடுத்தார்.

திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தார். "வெளிச்சத்தை வச்சு தூரம் சொல்லாதடா. அவன் விளக்கு பெருசா சின்னதா, துடைச்சானா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?" அப்புறம் வேறொரு விளக்கைக் காட்டி, அதற்கு நேர் பின்னால் எந்த வெள்ளி நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் ஊரில் நட்சத்திரத்துக்கு வெள்ளி என்றுதான் பெயர். சுக்கானைத் திருப்பி வத்தையைக் கொஞ்ச தூரம் குறுக்கே ஓட்டினார். விளக்கு அந்த வெள்ளியை விட்டு விலகி அடுத்த வெள்ளிக்குக் கீழே போயிருந்தது. சட்டென்று விலகினால் பக்கம், விலகாமல் நின்றால் தூரம், நேராகப் போனால் ஒன்றும் தெரியாது, குறுக்கே போய்ப் பார்க்கவேண்டும் என்றார்.

இதை நான் திரும்பச் சந்தித்தது கல்லூரி நூலகத்தில். ஹாலந்துக்காரர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், சனியின் டைட்டன் நிலாவைக் கண்டுபிடித்தவர், பதினேழாம் நூற்றாண்டில் ஒரு காரியம் செய்தார். மிகச் சிறிய துளை வழியாகச் சூரியனைப் பார்த்து, இரவில் சிரியஸ் நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு அந்த வெளிச்சத்தைக் குறைத்தார். சூரியனைப் போல 27,664 மடங்கு தூரத்தில் சிரியஸ் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். உண்மையில் அது 5 லட்சம் மடங்குக்கும் மேல். இரண்டும் ஒரே அளவு விளக்கு என்று அவர் வைத்துக்கொண்டதுதான் தவறுக்கு ஒரு பெரிய காரணம். சிரியஸ் சூரியனைவிட 25 மடங்கு ஒளி வீசுகிறது. பதினொரு வயதில் நான் செய்த தவறும் அதுதான், என் விளக்கு மங்கல், அவருடையது பிரகாசம், வித்தியாசம் அவ்வளவே. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது.

சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் அப்பாவின் வழியில்தான், வெளிச்சத்தை நம்பி அல்ல. 1672-இல் வானியலாளர்கள் இருவர், காசினி பாரிஸிலிருந்தும் ரிஷே தென் அமெரிக்காவில் கயேனிலிருந்தும் செவ்வாயைப் பார்த்தார்கள், பின்னால் உள்ள நட்சத்திரங்களுக்கு எதிரே அது எவ்வளவு விலகித் தெரிகிறது என்று. செவ்வாயின் தூரம் கிடைத்தது, கிரகங்களின் சுற்றுப்பாதைக் கணக்கிலிருந்து சூரியனின் தூரமும் கிடைத்தது. இன்றைய கணக்கில் சுமார் 15 கோடி கிலோமீட்டர், ஒளி வந்துசேர எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். நட்சத்திரங்களுக்குப் பாரிஸுக்கும் கயேனுக்கும் இடையிலான அந்த அகலம் போதவில்லை. பூமியே ஒரு வத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் அது 30 கோடி கிலோமீட்டர் குறுக்கே போய்விடுகிறது. அப்படிப் பார்த்து 1838-இல் பெசல் என்ற ஜெர்மானியர் அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் 61 என்று எண்ணிட்ட ஒரு மங்கலான நட்சத்திரத்தின் விலகலை அளந்தார். எவ்வளவு விலகல் தெரியுமா, ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான்.

ஆக, நீங்கள் சொன்ன பதில் தப்பில்லை, அரைப் பதில். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும், அதனால்தான் சிரியஸைவிடச் சூரியன் நம் கண்ணுக்குச் சுமார் 1300 கோடி மடங்கு பிரகாசம். ஆனால் பக்கம் என்பது மட்டும் போதாது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா, 4.24 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகிற தூரம்தான் ஒளியாண்டு), வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தை மாதம் இரவு பத்து மணிக்கு மேல் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பினால் தெரியுமே அகத்திய நட்சத்திரம், அது ஏறக்குறைய 310 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும் இரவு வானத்தில் இரண்டாவது பிரகாசம். சூரியனைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நட்சத்திரம் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: நம் பால்வீதியில் முக்கால்வாசி நட்சத்திரங்கள் பிராக்சிமா போன்ற செங்குறுமீன்கள், அதாவது சிவந்த சிறு நட்சத்திரங்கள், எல்லாமே சூரியனைவிட மங்கல்.

இருட்டான ஒரு நாள் பார்த்து மகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். ஒரு டார்ச்சின் முகத்தில் துணி கட்டிப் பக்கத்தில் ஒருவரை நிற்கவையுங்கள், துணி கட்டாத இன்னொன்றுடன் வேறொருவரைக் கரையோரமாகவே நன்றாகத் தள்ளி அனுப்புங்கள். பின்னால் உள்ள வெள்ளிகளைக் குறித்துக்கொண்டு பத்து அடி குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். எது பக்கம் என்று அவளே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.