ஸ்டுட்கார்ட்டில் வீடு: எஸ் பக்கமா, யூ பக்கமா?

தம்பி, ஜெர்மனியின் இந்த ஸ்டுட்கார்ட் நகர வீட்டு விளம்பரங்களில் "எஸ்-பான் அருகில்", "யூ அருகில்" என்று வருகிறதே, எது நல்லது, தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எஸ்-பான் என்பது புறநகர் ரயில், யூ என்பது நகருக்குள் ஓடும் ரயில்.

டிக்கெட் கவலையை விடுங்கள். வண்டிக்கு வண்டி டிக்கெட் இங்கே கிடையாது, எத்தனை மண்டலம் கடக்கிறீர்கள் என்ற கணக்குதான். மாதச் சந்தாவில், நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் வேண்டாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லையே என்று சும்மா ஏறிவிடாதீர்கள். பக்கத்தில் சாதாரண உடையில் நிற்பவரே பரிசோதகராக இருப்பார். அபராதம் 60 யூரோ.

யூ என்ற எழுத்தைப் பார்த்து மெட்ரோ என்று எண்ண வேண்டாம். முழுக்கத் தனிப்பாதையில் ஓடும் மெட்ரோ ஜெர்மனியில் பெர்லின், ஹாம்பர்க், மியூனிக், நியூரம்பெர்க் ஆகிய நான்கு ஊர்களில்தான் உண்டு. ஸ்டுட்கார்ட்டில் ஓடுவது ஸ்டாட்பான், டிராமின் வாரிசு. 1985 முதல் பழைய டிராம் தடங்களை ஒவ்வொன்றாக மாற்றி, 2007இல் முடித்தார்கள். நகர நடுவில் சுரங்கத்துக்குள் போகும் வண்டி, வெளியே வந்ததும் சாலை நடுவே ஓடித் தெருக்களைக் குறுக்கே கடக்கும். நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்கும்.

எஸ்-பான் நம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் மாதிரி. ஹெரன்பெர்க், பாக்நாங் என்று வாடகை சற்றுக் குறைந்த வெளியூர்கள்வரை போகும். ஆனால் எஸ்1 முதல் எஸ்6 வரையான தடங்கள் எல்லாமே நகர நடுவில் ஒரே சுரங்கத்தில்தான் நுழைந்தாக வேண்டும். அங்கே ஒரு வண்டி பழுதாகி நின்றால் அன்று எல்லாத் தடமும் தாமதம். பராமரிப்புக்காகக் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் மூடிய ஆண்டுகளும் உண்டு. அலுவலகம் பியோப்லிங்கன் பக்கம் என்றால் எஸ்1 தடத்தில் வீடு பாருங்கள். நகருக்குள் என்றால் வாடகை கூடினாலும் யூ பக்கம்தான் நான் சொல்வேன்.

இன்னொன்று: இந்த ஊர் பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மேடு. கீழே மரியன்பிளாட்ஸிலிருந்து மேட்டிலுள்ள டெகர்லோக்குக்கு, 1884இல் தொடங்கிய பல்சக்கர ரயில் ஒன்று, தண்டவாள நடுவே உள்ள பற்களைப் பற்றி ஏறுகிறது. முன்னால் சைக்கிள்களுக்கென்று ஒரு திறந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்கும் இதே டிக்கெட்தான். ஆகவே வீட்டுக்காரர் "நிலையம் ஐந்து நிமிட நடை" என்றால், ஏற்றமா இறக்கமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.